வாசலில் கழற்றிவிட்ட செருப்பு

கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் காலைக் காட்டச் சொல்வதில்லை. போட்டுக்கொண்டு வந்த செருப்பைக் கொடுங்கள் என்பேன். ஒரு வருஷம் மிதிபட்ட செருப்புக்கு அந்தக் காலைப் பற்றி அதன் சொந்தக்காரரைவிட அதிகம் தெரியும். பெருவிரலுக்குப் பின்னால் எலும்பு உருண்டையாகத் துருத்தும் இடத்தில் குழி விழுந்து கறுத்திருந்தால், உடம்பின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கணுக்கால் சாய்கிறது. விரல் தடம் நுனி விளிம்பைத் தாண்டிப் போயிருந்தால், வாங்கியது ஒரு நம்பர் சின்னது. ஏன் சின்னதாகப் பார்த்து வாங்குகிறார்கள் என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. இறுக்கிப் பிடித்தால்தான் காலில் செருப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சுகர் வந்து பன்னிரண்டு வருஷம். ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டேன். ஒரு ரூபாய் நாணயம் வந்தது. சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில் நாணயத்தின் வட்டம் அப்படியே பதிந்து, விளிம்பில் நீர் கோத்திருந்தது. “போளூர் ஸ்டாண்டுல டீ குடிக்கறப்ப ஷூவைக் கழட்டி உதறினேன். பையிலருந்து அப்பத்தான் விழுந்திருக்கும்” என்று சிரித்தார். டீ குடித்தது காலை ஆறு மணிக்கு. என் கடைக்கு வந்தது மாலை நாலரைக்கு. பத்தரை மணி நேரம், பெரும்பாலும் நின்றபடியே, ஒரு ரூபாயை மிதித்துக்கொண்டு டிக்கெட் போட்டிருக்கிறார். காத்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கொப்புளம் உடைந்து புண்ணாகி ஆற மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டாவது விரலை எடுக்க வேண்டி வந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. திருவண்ணாமலையில் சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பு தைக்கிறவன். கால்களை மடியில் வைத்துப் பார்த்துப் பழகியதில் ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால் நரம்பு கெடுகிறது. காலுக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளம் என்பதால் கேடு விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும். முதலில் எரிச்சல்; ராத்திரி போர்வை பட்டாலும் பொறுக்காது. பிறகு மதமதப்பு. பிறகு, “பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு தம்பி.” இந்த வாக்கியத்தை வார்த்தை மாறாமல் நூற்றுக்கணக்கான பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது. “எரிச்சல் நின்னுடுச்சு, மருந்து கேட்டுடுச்சு” என்று சந்தோஷமாக வருவார்கள். சிலருக்கு உண்மையிலேயே மருந்தால் நின்றிருக்கும். மற்றவர்களுக்கு, சொல்ல வேண்டிய நரம்பு வாயை மூடிக்கொண்டிருக்கும். இதோடு வியர்வையும் நின்றுபோகும். தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு வாய் பிளக்கும். அந்தப் பிளவு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது சர்க்கரையால் இல்லை, தொழுநோயால். அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டி வாடை வீட்டுக்குள்ளும் வரும். 1984-இல் வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் செருப்புப் பட்டறைக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். அங்கே மேஸ்திரியாக இருந்தவரே அந்த நோய் வந்து குணமானவர். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயிருந்தன. கத்தியைத் தோல் பட்டையால் கையோடு கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுவார். நேராக வெட்டுவார், எனக்கு இன்றைக்கும் அப்படி வராது.

மேஸ்திரி அடிக்கடி பிராண்ட் துரையைப் பற்றிப் பேசுவார். பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர்; 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தவர். பக்கத்திலேயே கரிகிரியிலும் வேலை செய்தார். தொழுநோய்க்காரர்களின் விரல் அழுகி விழுவது நோயின் குணம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நோய் நரம்பைத்தான் கொல்கிறது, மிச்சத்தை வலி தெரியாத மனிதன் தனக்குத் தானே செய்துகொள்கிறான் என்று அவர் கண்டு சொன்னார். ஆணி குத்தினாலும் நடப்பான். புண் இருந்தாலும் அதே இடத்தில் மிதிப்பான். அவர் பின்னால் அமெரிக்கா போய், கார்வில் என்ற ஊரின் தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சர்க்கரைக்காரர்களின் கால்புண்ணும் இதே புண்தான் என்று பார்த்து, நம் ஊரில் தொழுநோய்க்காரர்களுக்குப் போட்ட அதே மாவுக்கட்டை அவர்களுக்கும் போட்டார். புண்ணோடு காலை மூடிக் கட்டுவதா என்று கேட்கத் தோன்றும். காலோடு ஒட்டிய கட்டு, பாரத்தை ஒரே இடத்தில் இறக்காமல் பாதம் முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது. மிதிபடாத புண் ஆறுகிறது.

செருப்பு செய்வதும் அதே கணக்குதான். எம்.சி.ஆர். என்று எல்லோரும் சொல்வது நுண்துளை ரப்பர். ரப்பருக்குக் கடினம் பார்க்க ஷோர் என்று ஓர் அளவு உண்டு. உள்ளே பாதம் படுகிற தகட்டுக்கு 15 ஷோர் பதம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. கீழே கெட்டி ரப்பர், முள்ளும் ஆணியும் ஏறாமல் இருக்க. எங்கேயும் ஆணி அடிப்பதில்லை, சொல்யூஷனும் தையலும்தான். விரல் இடுக்கில் வார் கிடையாது. பின்னால் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் உணர்ச்சியில்லாத கால் நழுவிப்போய்விடும், ஆளுக்குத் தெரியாது. கேட்க எளிதாக இருக்கிறது. எலும்பு துருத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு மேடு வைப்போம். அதை அரை அங்குலம் முன்னால் வைத்துவிட்டால், எந்தப் புண்ணைத் தடுக்க வந்தோமோ அதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

கூட்டு மருந்து வந்தபின் தொழுநோய் குறைந்தது. 90-களின் கடைசியில் பட்டறையில் பாதி நாள் வேலை இருக்காது. 1999-இல் திருவண்ணாமலையில் ஒரு சர்க்கரை டாக்டர், தன் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே கடை போட்டுக்கொள்ளச் சொன்னார். மேஸ்திரி ரிட்டையராகி இருந்தார். சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனேன். “அதே கால்தான் போ, ஆளுதான் வேற” என்றார்.

ஆள் நிஜமாகவே வேறுதான். தொழுநோய்க்காரர்கள் நான் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. இங்கே வந்தவர்கள் டீச்சர், தாலுகா ஆபீஸ்காரர், அரிசி மண்டி முதலாளி. செருப்பைப் பார்த்ததும், “இது அந்த நோய்க்காரங்க செருப்பாச்சே” என்பார்கள். கறுப்புப் பட்டை, தடித்த அடி, வெல்க்ரோ. ஊரில் எல்லோருக்கும் அந்த உருவம் தெரியும். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கே தெரியாது. நான் காலைத் தொடப் போனபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. அதற்குக் காரணம் நோய் இல்லை, நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது. அது இந்தத் தொழிலோடு வந்த வேறு கதை. இரண்டு தடவை கோபப்பட்டிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் மீண்டும் கையை நீட்டினேன்.

பட்டையின் நிறத்தை மாற்றினேன். ஆம்பூரிலிருந்து பழுப்புத் தோல் எடுத்து, வெல்க்ரோவைப் பக்கிள் மாதிரித் தெரிகிற ஒரு மடிப்புக்குள் மறைத்தேன். பெண்களுக்கு மெரூன். ரப்பரின் ஓரத்தில் மெல்லிய தோலை ஒட்டி, தடிப்புத் தெரியாமல் செய்தேன். அந்த வருஷம்தான் செருப்புகள் தேய்ந்து திரும்பி வர ஆரம்பித்தன. தேய்ந்து வந்தால் எனக்குச் சந்தோஷம், போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறு மாதத்தில் ரப்பர் அமுங்கிப் படிந்துவிடும், மாற்ற வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் புத்தம் புதிதாக எடுத்துக்கொண்டு வந்து, “பத்திரமா வெச்சிருக்கேன் பாருங்க” என்று காட்டியவரும் ஒருவர் உண்டு. அவர் கொண்டுவந்தது செருப்பு மட்டுமில்லை, பெருவிரலில் புண்ணும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். 2001, தீபத்துக்கு முந்தின வாரம். ரிட்டையரான தபால்காரர் ஒருவருக்கு ஒரு ஜோடி. ஊரில் கூட்டம், கடையிலும் கூட்டம். இடது பட்டையில் தையல் முடிச்சை உட்பக்கம் விட்டு, மேலே லைனிங் ஒட்டிவிட்டேன். விரலால் தடவியும் பார்த்தேன், ஒன்றும் படவில்லை. மூன்றாவது வாரம் அவர் சுண்டுவிரல் ஓரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பை வாங்கிக் கன்னத்தில் வைத்தேன். கடுகு அளவு ஒரு மேடு. கன்னத்தில் வைத்துப் பார்ப்பது மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது. அவர் விரல்களில் உணர்ச்சி கிடையாது. ஒவ்வொரு செருப்பையும் கன்னத்தில் தேய்த்துத்தான் வெளியே விடுவார். விரல் நன்றாக இருக்கிற எனக்கு எதற்கு அது என்று அதுவரை நான் செய்ததே இல்லை. தபால்காரருக்கு ஆற இரண்டு மாதம். “உன்னை இன்னா சொல்றது, கூட்டம் அப்படி” என்றார். திட்டியிருந்தால் தேவலாம். அந்த இடது செருப்பு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

செருப்பை எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அது வாசல்வரைக்கும்தான். இந்தத் தொழிலில் நான் பட்ட பாடெல்லாம் வாசலுக்கு உள்ளேதான். நம் வீட்டில் யாரும் செருப்போடு நடப்பதில்லை. ஆனால் சர்க்கரைக்காரருக்குக் கால் கெடுவது பல நேரம் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. குழந்தை உடைத்த பிளாஸ்டிக் பொம்மை, அடுப்பிலிருந்து தெறித்த எண்ணெய், வடாம் காயவைக்கப் போன மொட்டைமாடி. குளிருகிறதென்று வெந்நீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் வைத்துத் தூங்கி, விடிந்ததும் தோல் உரிந்து கிடந்தவர் உண்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து சைலன்சரில் கால் ஒட்டியிருந்தது, இறங்கும்போது வாடை வந்துதான் தெரிந்தது என்றவர் உண்டு. தூக்கத்தில் எலி கடித்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தொழுநோய் ஆஸ்பத்திரியில் அதற்காகவே பூனை வளர்க்கச் சொல்வார்கள். இங்கேயும் இரண்டு கேஸ் பார்த்துவிட்டேன். இதனால் எல்லோருக்கும் இரண்டு ஜோடி என்று சொல்ல ஆரம்பித்தேன். வீட்டு ஜோடி வெளியே போகாது, வெளி ஜோடி உள்ளே வராது. ஒத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் செருப்போடு சமையலறையில் நிற்க முடியாது என்று ஒரு பெண் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய மாமியாரைக் கூட்டிவரச் சொல்லி, மாமியாருக்கும் காலைச் சோதித்தோம். மாமியாருக்கும் சுகர் இருந்தது.

பௌர்ணமி போய் மூன்றாம் நாள்தான் எங்களுக்குக் கூட்டம். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்கால். பகலில் தார் ரோடு கொதித்திருக்கும், சூடு சாயங்காலம்வரை இறங்காது. உணர்ச்சி இருக்கிறவன் ஓரமாக மண்ணில் இறங்கி நடப்பான். இல்லாதவன் நட்டநடு ரோட்டில் பக்தியோடு நடப்பான். அப்புறம் என் முன்னால் வந்து உட்காரும்போது உள்ளங்கால் முழுக்க ஒரே கொப்புளம். போகாதீர்கள் என்று டாக்டர் சொல்வார். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். போகாதே என்று சொல்லி யாரையும் நிறுத்த முடியாது. நானே பௌர்ணமிக்குப் போகிறவன்தான்.

ஒரு டீச்சரம்மா இதற்கு வழி சொன்னார். பதினைந்து வருஷமாகப் பௌர்ணமி தவறியதில்லை. “தோல்தானே கூடாது? தோல் இல்லாம தைச்சுக் கொடேன்” என்றார். உட்கார்ந்து யோசித்தேன். நடைபாதையில் செருப்புக்குத் தடை எதுவும் இல்லை, மனசுதான் தடை. கெட்டிக் காடாத் துணியில் கால் அளவுக்கு உறை தைத்து, உள்ளே எம்.சி.ஆர். தகடு, கீழே மெல்லிய கெட்டி ரப்பர், மேலே நாடா. காவி நிறத்தில் துணி அவரே கொண்டுவந்தார். செருப்பு என்று யாரும் சொல்ல முடியாது, சாக்ஸ் என்றும் சொல்ல முடியாது. முழுச் சுற்று வேண்டாம். கிரிவலப் பாதையிலுள்ள நிருதி லிங்கம் வரை நடப்பது, உட்கார்ந்து உறையைக் கழற்றிக் காலைப் பார்ப்பது, சிவந்திருந்தால் மிச்சம் ஆட்டோவில் என்று ஒப்பந்தம். கையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. கோயிலுக்குள் மட்டும் வெறுங்கால். அதுவும் வெயில் ஏறுமுன் அதிகாலையில், தேங்காய் நார் விரிப்பு மேலேயே. இன்றுவரை அவருக்குப் புண் வந்ததில்லை. அந்த உறையை இப்போது மாதத்துக்கு ஏழெட்டு தைக்கிறேன். காசு கம்மி, வேலை ஜாஸ்தி. இருந்தாலும் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிற ஒரே சரக்கு அதுதான், அதையும் டீச்சரம்மாதான் சொன்னார்.

எனக்குச் சர்க்கரை வந்தது 2007-இல். கிளினிக்கில் புது மெஷின் வந்தது, சும்மா ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, 286. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் முதல் ஆறு மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று என் கடையிலேயே பேசிக்கொள்கிறவர்கள் பேச்சு காதில் விழுந்து விழுந்து எனக்குள்ளேயும் ஊறியிருந்தது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை என்று டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தேன். வீட்டில் ஆவாரம்பூக் கஷாயமும் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன், மாத்திரையோடு. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை ஏழுக்குக் கீழே வந்தேன். தம்பி மகள் கல்யாணம் வந்தது, ஒன்பதைத் தாண்டிப் போனேன். இதுவரை அப்படியும் இப்படியுமாகத்தான் போகிறது. ஒரு நாள் சரியாக இருப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. சலிப்புத் தட்டாமல் வருஷக்கணக்கில் அரைவயிற்றுச் சோறு தின்பதுதான் ஆகவில்லை. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு வந்தபோது கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். என் மனசில் ஓடியது இருபது கோடிக் கால்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு என் காலை நானே பார்க்கிறேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று இருக்கிறது, தூண்டில் நரம்பு மாதிரி. கண்ணை மூடிக்கொள்வேன், மனைவி தொடுவாள். பட்டதும் ‘ம்’ சொல்ல வேண்டும். விரல் இடுக்கு, பித்தவெடிப்பு எல்லாவற்றையும் அவளே பார்த்துவிடுவாள். பிறகு புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைப்பாள். ஒரு காலின் ஓரிடம் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால், உள்ளே ஏதோ நடக்கிறது, வெளியே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரொம்ப நேரம் தொடாமல் இருந்தாள். “என்னாடி, தொடு” என்றேன். “தொட்டு நாலு ஆச்சு” என்றாள். வலது பெருவிரல் நுனி.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் பிறருக்குச் சொல்ல ஆரம்பித்துப் பல வருஷம் கழித்து.

இந்த வருஷம் கை. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் விரலில் இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று தெரிவதில்லை. காலில் முழங்கால் பக்கம் ஏறினபிறகுதான் கையில் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அதுவும் நடந்திருக்கிறது. வெட்டு வேலையையும் தையலையும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். செய்யாறு பக்கம், ஷூ கம்பெனியில் இருந்தவள், கை நன்றாக ஓடுகிறது. முடித்த செருப்பைச் சரிபார்ப்பது மட்டும் நான். போன வாரம் ஒரு ஜோடியை எடுத்து, முதலில் பழக்கத்தில் விரலை விட்டேன், பிறகு கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்தேன். நுனியிலிருந்து குதிகால்வரை, பட்டையின் உட்பக்கம், மறுபடியும் ஒருமுறை. அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்லண்ணா. சொல்யூஷன் காயல. கன்னத்துல ஒட்டியிருக்கு.”